ஷம்ஷாத் உடைத்த எண்

அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்சுகளுக்கு உள்ளே போகிற பித்தளைத் தகடுகளை அடித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே செக்கிங் மேசையில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் ஷம்ஷாத். பிரஸ் ஓட்டும் அங்கம்மாவிடம் அவளைப் பற்றி முன்பு யாராவது கேட்டிருந்தால், "அது ஒரு நம்பர் பைத்தியம்" என்று ஒரே போடாகப் போட்டிருப்பாள். இப்போது வேறு யாராவது அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போகிறாள். இந்த மனமாற்றம் போன மழைக்காலத்தில் நடந்தது. அதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பைத்தியம் என்றதில் நியாயமும் இருந்தது. பூந்தமல்லியில் பஸ் ஏறினால் ஷம்ஷாத் உட்கார இடம் தேட மாட்டாள், டிக்கெட்டில் அச்சடித்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பாள். அம்பத்தூரில் இறங்குவதற்குள் அதை உடைத்துவிட வேண்டும். உடைப்பது என்றால், எந்தெந்த எண்களைப் பெருக்கினால் அது வரும் என்று கண்டுபிடித்து, கிடைத்த துண்டுகளையும் உடைத்து, இனிமேல் உடையவே உடையாது என்கிற துண்டுகள் வரை போவது. அந்த உடையாத எண்ணுக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பகா எண் என்று பேர். ஷம்ஷாத் வைத்த பேர் ஒண்டிக்கட்டை. கல்யாணமான புதிதில் கணவன் ஃபாரூக்கின் வண்டியைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சே அதுதானாம். வண்டி எண் 8191. "இது ஒண்டிக்கட்டை. இன்னும் ஒண்ணே ஒண்ணு கூட இருந்திருந்தா ரெண்டு ரெண்டாப் பதிமூணு தரம் உடைஞ்சிருக்கும்" என்றாளாம். புதுப்பெண் வாயைத் திறந்து இதைத்தான் சொன்னாள் என்று ஃபாரூக் இன்றைக்கும் உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார்.

பழக்கம் வந்தது நோன்பில். பதினோரு வயதில் முதல் முதலாக முழு நோன்பு வைத்தபோது, மதியத்துக்கு மேல் தொண்டை காய்ந்துபோய், கடிகாரம் நகரவே இல்லை. தண்ணீரிலிருந்து மனசைத் திருப்புவதற்காகச் சுவரிலிருந்த கரண்ட் மீட்டரின் எண்ணை எடுத்து உடைக்க ஆரம்பித்தாள். பாங்கு சொன்னபோதும் உடைத்துக்கொண்டிருந்தாள். பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக்கொண்டே மிச்சத்தை முடித்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ரமலானுக்கும் எண் பெரிதாகிக்கொண்டே போனது. எந்தப் பக்கத்திலிருந்து உடைக்க ஆரம்பித்தாலும் கடைசியில் கையில் நிற்பவை அதே ஒண்டிக்கட்டைகள்தான் என்பதை அவளாகவே கண்டுபிடித்தாள். அதை எப்போதோ யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பள்ளியில் தெரிந்தபோது அவளுக்கு வருத்தமே இல்லை. தன்னைப் போல இன்னொருத்தரும் பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டாள். பத்தாவதோடு படிப்பு நின்றது, உடைப்பது நிற்கவில்லை.

இனி அங்கம்மாவின் கதைக்கு வருவோம். அவளுடைய பிரஸ்ஸில் பித்தளைப் பட்டையை கியர்கள் ஒரு பக்கத்திலிருந்து உள்ளே தள்ளும். அச்சு ஒரு தடவை இறங்கி அடிப்பது ஒரு அடி, ஒரு அடிக்கு ஒரு தகடு. தகடுகள் பட்டையை விட்டுப் பிரியாமல் வரிசையாக வெளியே வந்து ரீலில் சுற்றிக்கொள்ளும், ரீலுக்கு ஐயாயிரம். பட்டைச் சுருளை அவ்வப்போது கையால் தளர்த்தி விடுவது அங்கம்மாவின் வேலை. தளர்த்தாவிட்டால் பட்டை இழுபட்டு, தகட்டின் நடுவில் விழ வேண்டிய துளை ஓரத்துக்குத் தள்ளிவிடும். அந்த மாதம் அப்படித் துளை தள்ளிய தகடுகள் வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்தன. எல்லா ரீலையும் செக்கிங்கில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஒரு நாளைக்கு எல்லா மெஷினுக்கும் சேர்த்து இரண்டு மூன்றுதான் பார்ப்பார்கள். ஷம்ஷாத் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, பத்து நாளில் நாலு கெட்ட தகடுகளைப் பிடித்தாள். நாலுக்கும் சீட்டு எழுதி மேனேஜர் ஸ்ரீராமிடம் கொடுத்தாள்.

ஃபிட்டர் பால்ராஜ் மெஷினை நிறுத்தி, நூறு அடி கையால் சுற்றிப் பார்த்தான். நூறும் சரியாக விழுந்தன. "மெஷின் ஓகே சார்" என்று சொல்லிவிட்டான். மெஷின் ஓகே என்றால் பழி போட மிச்சம் இருப்பது ஆள்தான். ஸ்ரீராம் அங்கம்மாவைக் கூப்பிட்டார்.

"கவனக்குறைவுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க. சனிக்கிழமையோட நின்னுக்கங்க. நீங்களே எழுதிட்டா, நான் விசாரணை அது இதுன்னு இழுக்க மாட்டேன்" என்றார். சின்ன வயசுக்காரர், கெட்டவர் இல்லை. மேலிடத்துக்குச் சொல்ல அவருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

அங்கம்மா மறுபேச்சுப் பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளைப் பைத்தியக்காரி என்றார்கள். காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு முந்தின புதன்கிழமை, திருமுல்லைவாயிலில் அவள் வீட்டுக்குள் மழைத் தண்ணீர் புகுந்துவிட்டது. விடிய விடிய வாளியால் இறைத்துவிட்டு வேலைக்கு வந்தவள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரஸ் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டாள். ஒரு நிமிஷமா, பத்து நிமிஷமா, அவளுக்கே தெரியாது. யாரும் பார்க்கவில்லை. தெரிந்து ஒரு தடவை அசந்தவள் தெரியாமல் எத்தனை தடவை அசந்தேனோ என்று அன்றிலிருந்து அவளுக்குத் தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. பதினோரு வருஷமாக அந்த இரண்டு கைகளை வைத்துத்தான் அவள் வீடு ஓடுகிறது. அந்தக் கைகளைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் ஷம்ஷாத் டிபன் பாக்ஸோடு அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். அங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சீட்டு எழுதி என்னை அனுப்பியாச்சு. இப்ப இன்னாத்துக்கு எதிர்ல வந்து குந்துற?"

"அந்தச் சீட்டாலதான் வந்து குந்துறேன். தகடு கெட்டுச்சுன்னுதான் எழுதுனேன். உன்னாலன்னு எழுதலியே" என்று சொல்லிக்கொண்டே ஷம்ஷாத் நோட்டைத் திறந்தாள்.

எத்தனை தகடு கெட்டது என்று சீட்டில் எழுதினால் போதும் என்பது கம்பெனி வழக்கம். ஷம்ஷாத்துக்கு அது போதாது. பிரஸ்ஸில் ஏழு இலக்கத்தில் ஒரு கவுண்ட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ரீலும் எந்த எண்ணில் ஆரம்பித்தது என்று ரீலின் மேலேயே எழுதியிருக்கும். அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்து, கெட்ட தகடு எத்தனையாவது அடியில் விழுந்தது என்பதை அவள் தன் நோட்டில் குறித்து வைத்திருந்தாள். யாரும் கேட்டு அல்ல. ஏழு இலக்க எண் ஒன்று கைக்குக் கிடைத்தால் அவளால் சும்மா விட முடியாது.

நோட்டில் நாலு எண்கள் இருந்தன: 42,16,307. 42,76,738. 43,71,701. 44,83,930. நாலையும் தனித்தனியாக உடைத்துப் பார்த்து ஒன்றும் பிடிபடாமல், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை இப்போது கையில் எடுத்திருந்தாள். முதல் இடைவெளி 60,431. ஏழால் வகுத்தாள். மீதியில்லாமல் 8633 வந்தது. அடுத்தது 94,963. பதினொன்றால் வகுபட்டது. மறுபடியும் 8633. கடைசி இடைவெளி 1,12,229. அதைப் பதின்மூன்றால் வகுத்துக்கொண்டு வரும்போது, கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அங்கம்மாவே எட்டிப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, மூணும் ஒண்ணாவே கீது?"

ஷம்ஷாத் பேனாவைக் கீழே வைத்தாள். நடுவில் விழுந்த கெட்ட தகடுகள் அவள் பார்க்காத ரீல்களோடு வெளியே போயிருக்கின்றன, அதனால்தான் ஒரு இடைவெளியில் அது ஏழு தரமும் இன்னொன்றில் பதினொரு தரமும் அடங்கியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அங்கம்மா, மனுஷி கண் அசந்தா அவ இஷ்டத்துக்கு அசருவா. எட்டாயிரத்து அறுநூத்தி முப்பத்தி மூணு அடியை எண்ணிட்டா அசருவா?"

கண் அசந்தா என்று அவள் யதார்த்தமாகத்தான் சொன்னாள். அங்கம்மா அவளைப் பார்க்காமல் குனிந்துகொண்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஆனா இது மட்டும் போதாது. எட்டாயிரம் பல்லு உள்ள கியர் மெஷின்ல எங்க கீதுன்னு சாரு கேப்பாரு. இது உடையணும். உடையலைன்னா நமக்குப் பிரயோஜனமில்ல" என்றாள் ஷம்ஷாத்.

அப்புறம் அவள் உடைக்க ஆரம்பித்தாள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று ஒண்டிக்கட்டைகளாகப் பார்த்து வகுத்துக்கொண்டே போனாள். எதுவும் மசியவில்லை. எதுவரைக்கும் போக வேண்டும் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. 93ஐ 93ஆல் பெருக்கினால் 8649 வந்து 8633ஐத் தாண்டிவிடும். அதனால் இரண்டு துண்டும் 93க்கு மேலாக இருக்க முடியாது, ஒன்றாவது அதற்குள் இருந்தாக வேண்டும். அதற்குள் கிடைக்கவில்லை என்றால் அது ஒண்டிக்கட்டைதான். ஐம்பதைத் தாண்டினாள், எழுபதைத் தாண்டினாள். 79க்கு இருபத்திரண்டு மிச்சம். 83க்கு ஒன்றே ஒன்று மிச்சம். "சே, ஒண்ணே ஒண்ணு" என்று மேசையில் தட்டினாள். இனி பாக்கி இருந்தது 89 மட்டும்தான். சாப்பாட்டு நேரம் முடிந்து பெல் அடித்துவிட்டது, இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. கணக்கென்றால் காத தூரம் ஓடுகிற அங்கம்மா, மூச்சைப் பிடித்துக்கொண்டு பேனா நுனியையே பார்த்தாள். 89 தொண்ணூற்றேழு தரம் போனது. மீதி இல்லை.

ஷம்ஷாத் பாதிச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு நேராகப் பால்ராஜிடம் போனாள்.

"பால்ராஜ், பட்டையத் தள்ற கியர் ஒண்ணுக்கு எம்பத்தொம்போது பல்லு, இன்னொண்ணுக்குத் தொண்ணூத்தேழு பல்லு. சரியா?"

பால்ராஜ் வாயைப் பிளந்தான். "ஆமாக்கா. மூடியத் தொறந்து எண்ணுனியா?"

"மூடி எந்தப் பக்கம் கீதுன்னே எனக்குத் தெரியாது."

விஷயம் அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரு அடிக்கு அந்த கியர்கள் ஒரு பல் நகரும். 89க்கும் 97க்கும் ஒன்றைத் தவிரப் பொதுவான வகுத்தி எதுவும் கிடையாது. ஆகவே இதில் ஒரு பல்லும் அதில் ஒரு பல்லும் ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கொண்டால், அதே ஜோடி மறுபடி சந்திக்க 8633 அடி ஆக வேண்டும். ஒரே பற்களே திரும்பத் திரும்ப உரசித் தேயாமல் இருப்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். இரண்டிலும் ஒவ்வொரு பல் அடிபட்டிருந்தால், தனித்தனியாகப் போகும்போது தெரியாது. அடிபட்டது இரண்டும் எதிர்ப்படும்போது மட்டும் ஒரு குலுக்கல், ஒரு துளை தள்ளிப்போகும். நூறு அடி சுற்றிப் பார்த்தவனுக்கு எங்கே தெரியப்போகிறது? "நான் ஒரு மடையன்க்கா" என்று பால்ராஜ் தலையில் அடித்துக்கொண்டான்.

ஸ்ரீராமுக்கு இது அவ்வளவு சுலபமாகப் பிடிபடவில்லை. மூடியைத் திறக்க அரை நாள் மெஷினை நிறுத்த வேண்டும்.

"ஒரு கணக்கை நம்பி எப்படிம்மா நிறுத்த முடியும்?" என்றார்.

"நிறுத்த வேணாம் சார். அடுத்தது எந்த அடியில விழும்னு முன்னாடியே சொல்றேன். கடைசியாப் பிடிச்சதுலேருந்து மூணாவது தரம் வர்றது, நாளைக்குக் காலைல 45,09,829. அங்கம்மா மெஷின் பக்கத்துலயே இருக்க வேணாம். பால்ராஜ் ஓட்டட்டும்."

"விழலைன்னா?"

"அவ லெட்டரோட என் லெட்டரையும் சேத்து வாங்கிக்குங்க சார்" என்றாள் ஷம்ஷாத். சொல்லிவிட்டு பிரஸ்ஸின் மேலேயே சாக்பீஸால் அந்த எண்ணை எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அங்கம்மாவைக் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே பிரஸ் ஓடுகிற சத்தம் அவளுக்குத் தன் மூச்சு மாதிரிப் பழக்கம். அன்றைக்கு அது எப்போது நிற்கும் என்றே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தகடு சரியாக விழுந்துவிட்டால் குற்றம் அவளுடையது என்று முடிவாகிவிடும். கூடவே, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிற ஷம்ஷாத்தும் நடுத்தெருவில் நிற்பாள். தூங்கினவள் நான், அது தெரியாமல் எனக்காகப் போய் நிற்கிறாளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஓடிப்போய் உண்மையைச் சொல்லி நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் போகவில்லை. பச்சையம்மனைக் கும்பிட்டு, மெஷின் கெட்டுப் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். தன் மெஷின் கெட வேண்டும் என்று சாமி கும்பிட்ட ஆப்பரேட்டர் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

திடீரென்று பிரஸ் நின்றது. பிறகு பால்ராஜ் கையில் ஒரு முழப் பட்டையோடு மழையில் ஓடி வந்தான்.

"அக்கா, பாரு! இதுக்கு முன்னாடி கீறது நல்லா கீது, பின்னாடி கீறதும் நல்லா கீது. நடுவுல இது ஒண்ணுதான். கரெக்ட்டா அதே நம்பரு!"

அங்கம்மா துளையைத் தொட்டுப் பார்த்தாள். ஓரத்தில் இருந்தது. ஸ்ரீராம் இன்னொரு தடவையும் பார்த்துவிடலாம் என்றார். ஷம்ஷாத் 45,18,462 என்று எழுதினாள். ஒன்றேகால் மணி நேரம் கழித்து அதுவும் அச்சு பிசகாமல் வந்தது. ஸ்ரீராம் மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

உள்ளே இரண்டு கியரிலும் ஒவ்வொரு பல்லின் முனை நசுங்கி, பிசிறு கிளம்பியிருந்தது. அடியில் எண்ணெய்க் கசடுக்குள் பால்ராஜ் கை விட்டுத் துழாவினான். கிடைத்தது ஒரு ரூபாய்க் காசு, இரண்டு பக்கமும் பல் பதிந்து, இன்னும் குங்குமம் போகாமல். குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஆயுத பூஜை அன்று மூடியைக் கழற்றி கியருக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். திருஷ்டிப் பூசணிக்காயை ஊரெல்லாம் கேட் வாசலில்தான் உடைக்கும். இந்த மெஷினுக்குத்தான் கண் அதிகம் படுகிறது, இதன் முன்னாலேயே உடைக்க வேண்டும் என்று முதலாளி ஒரே பிடியாக நின்று, தன் கையாலேயே குங்குமமும் காசும் போட்ட பூசணிக்காயைத் தூக்கி மெஷின் முன்னால் போட்டு உடைத்தார். சிதறின காசுகளை எல்லாரும் சிரித்துக்கொண்டே பொறுக்கினார்கள். ஒன்று மட்டும் யார் கைக்கும் சிக்காமல் உள்ளே போய்விட்டது. பால்ராஜ் அதைக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தபோது, அவர் பார்த்துவிட்டு மழை எப்போது விடும் என்று விசாரித்தாராம்.

ஸ்ரீராம் லெட்டரை அங்கம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். "சாரிங்க. நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அங்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு செக்கிங் மேசைக்குப் போய், ஷம்ஷாத்தின் பக்கத்தில் நின்றாள். இதைச் சொல்லாமல் போனால் தன்னால் சோறு இறங்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், திட்டாத. நான் நெஜமாவே அசந்துட்டேன். போன வாரம் புதன்கிழமை, சோறு துன்னுட்டு வந்து. ஊட்டுக்குள்ள தண்ணி வந்துச்சே, அன்னிக்கு. எவ்ளோ நேரம்னு தெரியல. அதான் கேட்டவொடனே எழுதிக் குடுத்துட்டேன். நீ பாட்டுக்கு எனக்காக உன் வேலையையே பணயம் வெச்சுட்ட."

ஷம்ஷாத் திட்டவில்லை. ஆச்சரியப்பட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. "புதன்கிழமை மத்தியானமா?" என்று கேட்டுக்கொண்டு நோட்டைப் பின்னால் புரட்டினாள். தேதியைப் பார்த்தாள், பக்கத்தைத் தடவினாள், ஒரு வரியில் விரலை வைத்து நோட்டை அங்கம்மாவின் பக்கம் திருப்பினாள்.

"சாப்பாட்டுக்கு அப்பால நீ ஏத்துன ரீலு இதான். அன்னிக்கு நான் பாத்த ரீல்ல இதுவும் ஒண்ணு. ஐயாயிரத்தையும் என் கண்ணால பாத்தேன். படி."

அங்கம்மா படித்தாள். 43,20,001 முதல் 43,25,000 வரை என்று இருந்தது. அதற்கு நேரே கெட்ட தகடு எத்தனை என்று எழுதுகிற இடத்தில் ஷம்ஷாத்தின் சின்ன எழுத்தில் ஒரு பூஜ்யம். அவள் அந்த வரியைத் திரும்பவும் முதலிலிருந்து, ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். படித்து முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.